பஞ்சிகாவத்தைச் சைலன்சர் கடை: போல்ட்டை எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கை

கொழும்பில் சைலன்சர் வேலைக்குக் காரை யாரிடம் நம்பிக் கொடுக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இப்போது ஒரு பதில் இருக்கிறது. பஞ்சிகாவத்தைச் சந்தியிலிருந்து மருதானைப் பக்கம் வரும்போது உள்ளே திரும்புகிற குறுக்குத் தெருக்களில் ஒன்றில் இருக்கிறது கடை. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் பழைய சைலன்சர்களைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடத்துகிறவரை அந்தத் தெருவே 'நானா' (அண்ணன்) என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படியே கூப்பிடுகிறேன். கூட ஒரு சிங்களப் பையன். இரண்டு பேர், ஒரு குழி, ஒரு வெல்டிங் பிளான்ட். அவ்வளவுதான் கடை.

கார் எங்கள் வீட்டுப் பழைய டொயோட்டா 121 கொரோலா. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது இருக்கிற காரைப் பத்திரமாக வைத்திருப்பதைத் தவிர எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. 2025இல் மறுபடி திறந்துவிட்ட பிறகும் புது வாகன விலை எங்கள் கைக்கு எட்டுகிற விலை இல்லை. வீடு வெள்ளவத்தையில், மரைன் டிரைவுக்குக் கிட்ட. உப்புக் காற்று காருக்கு அடியில் என்ன வேலை பார்க்கும் என்று அந்தப் பக்கம் வாகனம் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடியில் போல்ட்டும் நட்டும் துருவேறி ஒரே இரும்பாகிப் போயிருக்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் முன்பக்கத்திலிருந்து டிக் டிக் என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. என்ஜின் சூடாக ஆகச் சத்தம் குறைந்துவிடும். சூட்டில் உலோகம் விரிந்து இடைவெளி கொஞ்சம் அடைபடுவதால் அப்படி நடக்கும். அப்புறம் காருக்குள்ளும் லேசாகப் புகை வாசம் வர ஆரம்பித்தது. பின் சீட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற காரில் இதைச் சும்மா விட முடியாது. காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நமக்கு மணப்பது அதோடு சேர்ந்து வருகிற மற்ற வாயுக்கள்தான். வாசம் வருகிறதென்றால் மணக்காததும் உள்ளே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஒரு கராஜில் காட்டினோம். என்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து எடுக்கிற மெனிஃபோல்ட்டோடு, அதைச் சைலன்சர் பக்கம் கொண்டுபோகிற ஃப்ரண்ட் பைப் சேருகிற இடத்தில் கசிகிறது என்று சரியாகத்தான் சொன்னார்கள். செய்த வேலைதான் பிழை. ஏர் கன்னை (காற்றழுத்தத்தில் போல்ட் திருகுகிற கருவி) வைத்து அங்கிருந்த இரண்டு போல்ட்டையும் சத்தம் நிற்கும்வரை இறுக்கிவிட்டார்கள். சத்தம் நின்றது, நாங்களும் காசைக் கொடுத்துவிட்டு வந்தோம். கொஞ்ச நாளில் ஒரு போல்ட் அறுந்து, கார் டிராக்டர் மாதிரி கத்தத் தொடங்கியது. அதன் பிறகுதான் கூட வேலை செய்கிற ஒருவர் பஞ்சிகாவத்தைக்குப் போகச் சொன்னார்.

நான் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். உராய்வு, முறுக்கம், வெப்பவிரிவு எல்லாம் வருடாவருடம் கரும்பலகையில் எழுதுகிற விஷயங்கள். அவை மூன்றும் ஒரு போல்ட்டில் ஒன்றாகச் சேர்ந்து நிற்பதை அந்தக் குழிக்குப் பக்கத்தில் நின்றுதான் பார்த்தேன். வாடிக்கையாளர் கிட்டே நின்று பார்ப்பதை நானா விரும்பாதவர் இல்லை. கேட்டால் கையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்கிறார். இதையே ஒரு பெரிய காரணமாகச் சொல்வேன்.

குழிக்குள் இறங்கி டோர்ச் அடித்துப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் விஷயம்: "மிஸ், இந்த போல்ட் பைப்ப இறுக்குறதுக்கு இல்ல. ஸ்பிரிங்கப் புடிச்சி வெக்கிறதுக்கு."

அது முழு உண்மை. 121இல் மெனிஃபோல்ட்டும் ஃப்ரண்ட் பைப்பும் சேருகிற இடத்தில், கசியாமல் அடைக்க வைக்கிற சாதாரண தட்டைக் கேஸ்கட் கிடையாது. வளையம் மாதிரி, ஒரு பக்கம் உருண்டையாகச் சீவிய கேஸ்கட் ஒன்று இருக்கிறது. பைப்பின் வாய் அதன்மேல் கிண்ணம் போல உட்காரும். முன்சில்லில் ஓடுகிற இந்தக் கார்களில் என்ஜின் குறுக்காக இருப்பதால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் அது முன்னும் பின்னும் சாயும். பைப்போ காரின் உடலோடு ரப்பர்களில் தொங்குகிறது. ஆகவே இரண்டுக்கும் இடையிலே மூட்டு ஒன்று வேண்டும், கசியாமல் அசைகிற மூட்டு. அந்த உருண்டைக் கேஸ்கட்டும், இரண்டு போல்ட்டும், அவற்றில் கோத்த இரண்டு ஸ்பிரிங்கும்தான் அந்த மூட்டு. அமுக்குகிற வேலை ஸ்பிரிங்குடையது.

பழைய போல்ட்டில் அறுபடாமல் இருந்ததைக் கழற்றி என் கையில் தந்தார். அதன் தண்டு பாதி வரைக்கும் தடிப்பு, அப்புறம் ஒரு படி, அதற்குக் கீழேதான் புரி தொடங்குகிறது. அந்தப் படி போய் மெனிஃபோல்ட் விளிம்பில் முட்டியவுடன் போல்ட் நின்றுவிட வேண்டும். முட்டும்போது ஸ்பிரிங் எவ்வளவு அமுங்க வேண்டுமோ அவ்வளவு அமுங்கியிருக்கும். அதற்கு மேல் எவ்வளவு பலம் போட்டாலும் ஸ்பிரிங் ஒரு மயிரிழைகூட மேலதிகமாக அமுங்காது. மேலதிகமாகப் போட்ட பலம் முழுக்க புரிக்குள் இழுவையாகப் போகிறது. போல்ட் நீள்கிறது, மெலிகிறது, கடுமையாகச் சூடாகிக் குளிர்கிற ஓரிடத்தில் அதே இழுவையோடு நாட்கணக்காக நிற்கிறது, கடைசியில் அறுகிறது. முந்திய கராஜில் நடந்தது இதுதான். அங்கே சத்தம் நின்றது கொஞ்ச நாளுக்குத்தான். தேய்ந்த கேஸ்கட்டையும் தளர்ந்த ஸ்பிரிங்கையும் மாற்றாமல் அந்த மூட்டைத் திருத்தவே முடியாது.

இதைவிட மோசமான ஒரு வழக்கமும் நம்மூரில் இருக்கிறது. ஸ்பிரிங் போல்ட் கிடைக்கவில்லை என்று ஹார்ட்வெயார் கடையில் சாதாரண 10 மில்லிமீற்றர் போல்ட் வாங்கி நட்டுப் போட்டு இறுக்கிவிடுகிறார்கள். மூட்டு செத்துப்போகும். என்ஜின் சாய்வதெல்லாம் பைப்பின் வெல்டிங்குக்கும் ஹேங்கர் ரப்பருக்கும் போகும், எங்காவது ஒன்று வெடிக்கும். அதோடு புரியிலும் பிழை வரும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற 10 மில்லிமீற்றர் போல்ட்டின் புரி இடைவெளி 1.5 மில்லிமீற்றர். ஜப்பான் கார்களில் இந்த அளவுக்குப் பெரும்பாலும் 1.25தான் வருகிறது. முதல் இரண்டு சுற்றுப் போகும், பிறகு இறுகும், துரு என்று நினைத்து ஏர் கன்னால் அடித்தால் உள்ளே இருக்கிற புரி முழுதும் போய்விடும். நானா பெட்டியில் போல்ட்டுகளைப் புரி வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறார். போடுமுன் புரி அளக்கிற சின்னத் தகட்டை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்க்கிறார்.

அறுந்த போல்ட்டின் துண்டு மெனிஃபோல்ட் விளிம்பிலிருந்து கொஞ்சமாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. துளைத்து எடுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டைக்குள்ளே வெல்டிங் குச்சியை விட்டு இரண்டையும் ஒட்டினார். சிவப்பு மங்கும்வரை பேசாமல் நின்றார். பையன் ஸ்பனரை நீட்டினான், "இரி மல்லி" (பொறு தம்பி) என்றார். துண்டு சூட்டில் வீங்கும்போது துருவின் பிடி உடைகிறது, குளிரும்போது சுருங்கி விடுபடுகிறது. அவசரப்பட்டு முதல் நிமிடத்திலேயே திருப்பினால் வெல்டிங் விட்டுப்போகும். பிறகு ஸ்பனரைப் போட்டு, கழற்றுகிற பக்கம் திருப்பாமல், முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் அளவு அசைத்தார். கிர் என்று ஒரு சத்தம். அப்புறம் இரண்டு பக்கமுமாக மாற்றி மாற்றி, எண்ணெய் விட்டு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக. துண்டு முழுசாக வெளியே வந்தது. உள்ளே டாப் என்கிற புரி வெட்டும் கருவியை விட்டுப் புரியைச் சுத்தம் செய்து, காற்றடித்துத் துருப்பொடியை எடுத்தார்.

புரி சுத்தம் செய்வதை வெறும் அழகுக்கான வேலை என்று நினைக்க வேண்டாம். நாம் ஸ்பனரில் போடுகிற பலத்தில் பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போய்விடுகிறது. ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில், மீதியில் பெரும் பங்கு புரியில். மிஞ்சுகிற பத்தில் ஒரு பங்குதான் உண்மையில் இரண்டு விளிம்புகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. புரியில் துரு இருந்தால் உராய்வு கூடி, டோர்க் ரென்ச் (குறித்த அளவுக்கு இறுகியதும் சத்தம் கொடுக்கிற ஸ்பனர்) 'டிக்' என்று சொன்ன பிறகும் பிடிப்பு இருக்காது. மாறாகக் கொப்பர் கிரீஸ் பூசிவிட்டு உலர்ந்த போல்ட்டுக்குச் சொன்ன அளவையே வைத்தால் போல்ட் அளவுக்கு மிஞ்சி இழுபடும். இதை நான் வகுப்பில் கணக்காகச் செய்துகாட்டுவேன். நானா கணக்குப் போடவில்லை. கிரீஸ் பூசினால் ரென்ச்சைக் குறைத்து வைக்கிறார், பூசாவிட்டால் அப்படியே வைக்கிறார். எவ்வளவு குறைக்கிறார் என்று கேட்டேன். "நாலுல ஒண்டு அளவுக்குக் கொறைப்பேன்" என்றார். பொதுவாகச் சொல்லப்படுகிற அளவுக்குள்தான் அது வருகிறது.

இந்த ஸ்பிரிங் போல்ட்டுக்கு டொயோட்டா சொல்கிற அளவு 43 நியூட்டன் மீற்றர். ஒரு சாதாரண ஸ்பனரைக் கையால் அளவாக இழுத்தாலே எட்டிவிடுகிற அளவு. ஏர் கன் கண் இமைக்கிற நேரத்தில் அதைத் தாண்டிப் போய்விடும். நானா கழற்றுவதற்கு மட்டும் கன்னை எடுக்கிறார். பூட்டும்போது கையால், பிறகு சின்ன ரச்செட், கடைசியில் டோர்க் ரென்ச். வேலை முடிந்ததும் ரென்ச்சைக் கீழ் அளவுக்குத் திருப்பிவிட்டுத்தான் பெட்டியில் வைக்கிறார். இறுகிய நிலையில் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து பொய் சொல்லத் தொடங்கும். அந்த ரென்ச்சைக் கடைசியாக எப்போது சரிபார்த்தீர்கள் என்று கேட்டதற்கு மட்டும் தெளிவான பதில் கிடைக்கவில்லை. இது குறைதான். இவ்வளவு கவனமாக வேலை செய்கிறவர் அதையும் செய்துகொண்டால் நல்லது.

புதுக் கேஸ்கட்டைப் போட்ட விதமும் பிடித்தது. சில இடங்களில் கேஸ்கட்டை வாயில் வைத்துவிட்டுப் பைப்பாலேயே தள்ளி, போல்ட்டால் இழுத்து உட்கார வைப்பார்கள். அப்படிச் செய்தால் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். இவர் எந்தப் பக்கம் என்று பார்த்து, மரக்கட்டையை மேலே வைத்து, சுற்றிவரத் தட்டித் தட்டி மெனிஃபோல்ட்டின் முகத்தோடு மட்டமாக உட்கார வைத்தார். பழையதைத் திருப்பிப் பாவிக்கலாமா என்று கேட்கவே தேவையில்லை. கழற்றிய கேஸ்கட் குப்பைக்கு.

அப்புறம் எல்லாவற்றையும் தளர்வாக மாட்டினார். பின்பக்கத்து விளிம்பு, ஹேங்கர் ரப்பர்கள், முன் மூட்டு, எல்லாம் விரலால் திருகிய அளவில். பைப்பைக் கையால் பிடித்து ஆட்டி, எங்கும் தகட்டில் உரசவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் முன்னாலிருந்து பின்னுக்கு இறுக்க ஆரம்பித்தார். பின் விளிம்பில் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, மூன்று தவணையாக. இடையில் டோர்ச் அடித்து இரண்டு பக்க இடைவெளியும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறு பக்கம் போனால் விளிம்பு சாய்ந்து கேஸ்கட்டின் ஓரம் நசுங்கிவிடும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் கசியும்.

அங்கே ஏற்கனவே யாரோ நைலோன் வளையம் வைத்த நட் ஒன்றைப் போட்டிருந்தார்கள். வெளியே எடுத்துக் காட்டினார். நைலோன் உருகிப் புரியில் கறுப்பாக ஒட்டிக்கிடந்தது. நைலோன் ஏறக்குறைய 120 பாகைக்கு மேல் தாங்காது, சைலன்சர் பைப்போ அதைச் சில நிமிடங்களிலேயே தாண்டிவிடும். அவர் போட்டது முழு உலோகத்திலான, செம்பு முலாம் பூசிய பூட்டு நட்.

பரிசோதனையும் ஒழுங்கு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யவைத்து, பையன் பின்னால் மடித்த துணியால் சைலன்சர் வாயைக் கொஞ்சம் அடைக்க, இவர் குழிக்குள்ளிருந்து மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்தார். நுரை வரவில்லை. பிறகு ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி முன் மூட்டைச் சுற்றிக் கொண்டுபோனார். புகை நேராக மேலே போனது. என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார்.

கசிவை அலட்சியப்படுத்துகிறவர்களுக்காக ஒன்று. புகையில் ஒட்சிசன் அளவைப் பார்க்கிற சென்சருக்கு முன்னாலோ அதற்குக் கிட்டவோ ஓட்டை இருந்தால் வாயு வெளியே வருவதோடு நிற்காது. துடிப்புக்குத் துடிப்பு அழுத்தம் குறைகிற கணங்களில் வெளிக்காற்று உள்ளேயும் இழுபடும். சென்சர் அதைப் பார்த்து என்ஜினுக்குப் பெற்றோல் குறைவு என்று கணக்குப் போடும், கணினி பெற்றோலைக் கூட்டும். செலவு ஏறும், புகைப் பரிசோதனையிலும் சிக்கல் வரும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் வாகனத்துக்கான வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். பரிசோதனைக்கு முதல் நாள் ஓடிப்போய்ச் செய்கிற வேலையாக இதை வைத்திருக்க வேண்டாம்.

காசு: இரண்டு ஸ்பிரிங் போல்ட், உருண்டைக் கேஸ்கட், பின் விளிம்புக் கேஸ்கட், நட்டுகள், ஒரு ஹேங்கர் ரப்பர், அறுந்த துண்டை எடுத்தது, எல்லாம் சேர்த்து 16,500 ரூபாய். சாமான்களைப் பக்கத்துக் கடைகளில் நாங்களே பார்த்து வாங்கலாம் என்றார். நாங்கள் அவரையே வாங்கவிட்டோம். புகையைச் சுத்தம் செய்கிற கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டரைக் கழற்றித் தரவா, நல்ல விலைக்கு எடுப்பேன் என்று சில இடங்களில் கேட்பது போல அவர் கேட்கவே இல்லை. இன்னொரு கார்க்காரர் அங்கே வந்து அப்படிக் கழற்றச் சொன்னபோது முடியாது என்று அனுப்பியதையும் பார்த்தேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நிறுத்த இடம் கிடையாது. தெருவோரம் விட்டுவிட்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், லொறி வந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். மத்தியானத்துக்குள் முடியும் என்றார், மாலையாகிவிட்டது. சூடான இரும்பு ஆறுவதற்கு அவர் காத்திருக்கிற நேரத்தை அவரே கணக்கில் சேர்ப்பதில்லை. கார்ட் இல்லை, காசுதான். பில் கேட்டால் கொப்பித் தாளில் எழுதித் தருகிறார். பெண்கள் காத்திருக்க வசதி குறைவு. ஒரு பிளாஸ்டிக் கதிரையும் பிளேன்டீயும் கிடைக்கும், மலசலகூடம் கிடையாது. சத்தம் கூட்டுகிற சைலன்சர் வேண்டுமென்றாலும் இவரிடம் போகாதீர்கள், செய்யமாட்டார்.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள், முடிந்தால் காரைக் கொஞ்சம் முன்னதாகவே கொண்டுபோய் நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான என்ஜினில் அவர் கை வைக்கமாட்டார். அலுமினியத்தில் ஏறிய போல்ட்டைச் சூட்டோடு திருப்பினால் புரியோடு வந்துவிடும் என்பதுதான் காரணம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடை பூட்டு. வேலை முடிந்து ஒரு கிழமை ஓடிய பிறகு திரும்பக் கொண்டுவரச் சொல்வார். புதுக் கேஸ்கட் சூட்டில் உட்கார்ந்து நட்டுகள் கொஞ்சம் தளரும், அதைக் குளிர்ந்த நிலையில் ஒருமுறை பார்க்க வேண்டும். நாங்கள் போனபோது பின் விளிம்பில் ஒரு நட் கால் சுற்றுக்கும் குறைவாகத் திரும்பியது. முன் மூட்டு அசையவே இல்லை. அதற்குக் காசு வாங்கவில்லை.